பிசியோதெரபிக்குப் போனேன்

(கூட்டமைப்பின் ஆண்டுப் பேரவைக் கூட்டத்தில், ஒரத்தநாடு பக்கத்துக் குழு ஒன்றின் முன்னாள் ஊக்குநர் பேசியது)



என்னைக் கடன் வசூலைப் பற்றித்தான் பேசச் சொன்னார்கள். அதைப் பேச இங்கே என்னைவிட நல்லாப் பேசுறவங்க பத்துப் பேர் இருக்கீங்க. நான் என் தோள்பட்டையைப் பற்றிப் பேசுறேன்னு சொன்னேன். தலைவி அக்கா சிரிச்சாங்க. அப்புறம் அவங்களே, "சரி, அதையும் பேசு. எனக்கும் முட்டி வலிதான்" என்றார்கள். அதனால் தைரியமாகப் பேசுகிறேன்.

முதலில் ஒன்று கேட்கிறேன். இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் இடுப்பு, முட்டி, தோள்பட்டை, கழுத்து, இதில் ஒரு இடத்திலாவது வலி இல்லாதவர்கள் கை தூக்குங்கள். பாருங்கள், சின்னப் பிள்ளைகள் நாலு பேர்தான் தூக்குது. அதுங்களும் இன்னும் நடவுக்குப் போகாத பிள்ளைகள்.

நம்ம வேலை அப்படி. விடியக் காலையில் நாத்துப் பறிக்க இறங்கினால் குனிந்த தலை நிமிர மணி பத்து ஆகும். அப்புறம் நடவு. ஒரு காலைச் சேற்றிலிருந்து பிடுங்கி அடுத்த காலை வைத்து, இடது கையில் நாத்து முடியைப் பிடித்து, வலது கையால் குத்திக் குத்திப் பின்னால் போகிறோம். அது முடிந்தால் களை. அது முடிந்தால் அறுப்பு, அப்புறம் உளுந்து பிடுங்குவது. வீட்டுக்கு வந்தால் குடிதண்ணீர்க் குடம். இவ்வளவையும் செய்கிற உடம்புக்கு வலி வந்தால் நாம் செய்வது என்ன? தைலம் தடவி, துணியை இறுக்கிக் கட்டி, மெடிக்கலில் போய் "வலி மாத்திரை ரெண்டு குடுங்க தம்பி" என்று வாங்கிப் போட்டுக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போவது. நானும் அப்படித்தான் செய்தேன்.

2018 நவம்பர் 16. அந்தத் தேதியை நம்ம பக்கம் யாரும் மறக்க முடியாது. கஜா புயல். ஒரே ராத்திரியில் தென்னை எல்லாம் சாய்ந்து கிடந்தது. எங்கள் வீட்டுக் கூரை பறந்து கொல்லையில் விழுந்தது. கரண்டு இல்லாமல் நாட்கணக்கில் இருந்தோம். மரம் ஒதுக்குவது, ஓடு பொறுக்குவது, தகரம் தூக்குவது, கீத்து முடைவது என்று ஒரு மாதம் ராத்திரி பகல் பார்க்காமல் வேலை. அந்தக் கார்த்திகையில்தான் என் வலது தோளில் வலி ஆரம்பித்தது. எல்லாரும் "தகரம் தூக்கின வலி, ஆறிடும்" என்றார்கள். நானும் நம்பினேன்.

ஆறவில்லை. பொங்கலுக்குள் ராத்திரி வலப்பக்கம் திரும்பிப் படுக்க முடியாமல் போனது. மாசி மாதம் தலை பின்ன முடியவில்லை, என் மகள்தான் கொண்டை போட்டுவிட்டாள். ஜாக்கெட்டில் கையை நுழைக்க அழுகை வரும். கோயிலில் கை தூக்கிக் கும்பிட முடியவில்லை, அடுப்படிப் பரணில் இருந்த புளிப்பானையை எடுக்க முடியவில்லை. வெளியே சொல்ல வெட்கம், கொல்லைக்குப் போய்விட்டு வந்து கழுவக்கூட இடது கையே கதி.

யாரோ சொன்னார்கள் என்று ஒருவரிடம் போனோம். பெயர் வேண்டாம். "தசை பிசகிப்போச்சு" என்று சொல்லி எண்ணெய் ஊற்றித் தேய்த்தார். அத்தோடு விடாமல் என் கையைப் பிடித்து மேலே ஒரே இழுப்பாக இழுத்தார். எனக்குக் கண் இருட்டிப்போச்சு. அன்றிலிருந்து வலி இரண்டு மடங்கு. மூன்று தடவை போனேன் என்றால் நம்புவீர்களா? ஒவ்வொரு தடவையும் பணம் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். நம்ம ஊரில் நல்லாக் கட்டுப் போடுகிற வைத்தியர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் எது என்ன நோய் என்று தெரியாமல் இழுக்கக் கொடுத்தது என் தப்பு.

அடுத்த ஆடி மாதம், அதாவது 2019-ல், ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா பார்த்துவிட்டு தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள்.  நம்ம டெல்டா முழுக்க பெரிய நோய் என்றால் அங்கேதான் ஓடுவோம். எலும்பு டாக்டர் பார்த்தார், எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். பிறகு "பிசியோதெரபிக்குப் போங்க" என்று எழுதினார்.

பிசியோதெரபி என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. கரண்டு ஷாக் வைப்பார்கள் என்று பயந்தேன். என் நாத்தனார், "அது மசாஜ்தாண்டி, நம்ம ஊர்லயே பண்ணிக்கலாம்" என்றாள். இரண்டுமே தப்பு. தமிழில் இயன்முறை சிகிச்சை என்று சொல்கிறார்கள். அந்தப் படிப்பு அப்போது பிளஸ் டூவுக்கு அப்புறம் பயிற்சியோடு சேர்த்து நாலரை வருஷமாக இருந்தது. மருந்து மாத்திரை அவர்கள் வேலை இல்லை. எந்த மூட்டு ஓடவில்லை, எந்தத் தசை சோர்ந்து போச்சு என்று கண்டுபிடித்து, அதைத் திரும்ப ஓட வைப்பது அவர்கள் வேலை.

போனதும் மெஷின் வைப்பார்கள் என்று கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். வைக்கவில்லை. முதல் நாள் பாதி நேரம் கேள்விதான். என்றைக்கு ஆரம்பித்தது? ராத்திரி வலிக்குதா, பகலில் வலிக்குதா? என்ன வேலை செய்றீங்க? எந்தக் கையால் குடம் தூக்குவீங்க? வலிக்கு பூஜ்ஜியத்திலிருந்து பத்து வரைக்கும் ஒரு மார்க் போடுங்க என்றார்கள். எனக்கு அதுவே சிரிப்பாக இருந்தது, எட்டு என்றேன். எப்படிக் குனிந்து நடுவீங்க, செஞ்சு காட்டுங்க என்றார்கள். அந்த அறையில் நின்று நான் நடவு நட்டுக் காட்டினேன்.

அக்கா தங்கச்சிகளே, இந்தக் கேள்விகளுக்கு வெட்கப்படாமல் பதில் சொல்லுங்கள். "சும்மா வலிக்குதுங்க" என்று முடித்துவிட்டால் அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. எதைச் செய்ய முடியவில்லை என்று சொல்லணும். கொண்டை போட முடியலை, கொல்லையில் குந்தி உட்கார முடியலை, படி இறங்க முடியலை, பேரப்பிள்ளையைத் தூக்க முடியலை, இப்படிச் சொல்லுங்கள். ஏனென்றால் அதைத் திரும்பச் செய்ய வைப்பதுதான் சிகிச்சை. என் சீட்டில் அந்தத் தங்கச்சி எழுதினது என்ன தெரியுமா? "சொந்தக் கையால் தலை பின்ன வேண்டும்."

அப்புறம் ஒரு கேள்வி கேட்டார்கள். "சுகர் இருக்காம்மா?" இல்லை என்றேன். "டெஸ்ட் பண்ணிப் பார்த்திருக்கீங்களா?" பார்த்ததே இல்லை. தோள் வலிக்கு வந்தவளை ஏன் சுகர் கேட்கிறார்கள் என்று உள்ளுக்குள் கோபம். மறுநாள் வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்தார்கள். 186. நூற்று இருபத்தாறுக்கு மேலே இருந்தாலே சுகர் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். எனக்கு வந்திருந்தது "ஃப்ரோசன் ஷோல்டர்", தோள்பட்டை இறுகிப்போவது. நாற்பதிலிருந்து அறுபது வயதுக்குள், ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். சுகர் இருக்கிறவர்களுக்கு இன்னும் அதிகம். தகரம் தூக்கினதுதான் காரணம் என்று எட்டு மாதம் தகரத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். தோள் வலிக்கப் போய்த்தான் சுகரைக் கண்டுபிடித்தேன். இல்லையென்றால் கால் புண் வந்த பிறகு தெரிந்திருக்கும்.

கேள்வி முடிந்ததும் அளந்து பார்த்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஜாமெட்ரி பாக்ஸில் கோணமானி வைத்திருக்குமே, அது மாதிரி இரண்டு கைப்பிடி வைத்த ஒன்று. கையைப் பக்கவாட்டில் தூக்கச் சொல்லி அளந்தார்கள். காது வரைக்கும் போனால் 180 டிகிரி. எனக்கு 70. அதை எழுதி வைத்தார்கள். நல்ல இடத்தில் எழுதி வைப்பார்கள், இரண்டு வாரம் கழித்து மறுபடி அளப்பார்கள். நம்ம குழுவில் வரவு செலவு எழுதாமல் நடத்தினால் என்ன ஆகும்? அது மாதிரிதான் இதுவும். அளக்காமல், எழுதாமல், தினம் மெஷினை வைத்துவிட்டு அவர்கள் பாட்டுக்குப் போய்விடுகிற இடமாக இருந்தால் கேளுங்கள்: "எனக்கு எவ்வளவு முன்னேறியிருக்கு?" கேட்க உங்களுக்கு உரிமை இருக்கு.

இப்போது நம்ம பொம்பளைகள் எல்லோரும் கேட்க நினைத்தும் கேட்காத விஷயத்துக்கு வருகிறேன். துணி. தோளைப் பார்க்கணும் என்றால் தோள் தெரியணும், முட்டியைப் பார்க்கணும் என்றால் முட்டி தெரியணும். அங்கே ஆண்களும் பெண்களும் இருப்பார்கள். எனக்குப் பார்த்தது ஒரு தங்கச்சி. ஆணாக இருந்தாலும், "ஒரு நர்ஸம்மாவையோ கூட வந்தவங்களையோ பக்கத்துல வச்சுக்கலாமா, திரை போடலாமா" என்று கேட்கலாம், தப்பில்லை. தோளுக்குப் போகிறவர்கள் கை தளர்ந்த பழைய ஜாக்கெட் போட்டுக்கொண்டு, மேலே போர்த்த ஒரு துண்டு எடுத்துப் போங்கள். முட்டிக்குப் போகிறவர்கள் முட்டி வரை சுருட்டிவிட வசதியான நைட்டியோ, தளர்ந்த சுடிதாரோ போட்டுப் போங்கள். இறுக்கமான லெக்கின்ஸ் போட்டுக்கொண்டு போன ஒரு தங்கச்சி அங்கே பட்ட பாட்டை நான் கண்ணால் பார்த்தேன்.

இன்னொன்று, தாலி. சில மெஷினில், டயதெர்மி என்று சொல்கிற ஆழச் சூடு வைக்கிற மெஷினில், சூடு விழுகிற இடத்தில் உலோகம் இருக்கக் கூடாது. சங்கிலி, வளையல், மெட்டி, ஊக்கு எதுவாக இருந்தாலும் உலோகம் சூடேறித் தோலைச் சுட்டுவிடும். என் பக்கத்தில் இருந்த ஒரு அம்மா கழுத்து வலிக்கு வந்தவங்க. தாலியைக் கழற்ற மாட்டேன் என்று எழுந்தே போய்விட்டார்கள். அந்தத் தங்கச்சி பின்னாடியே போய், "அம்மா, கழற்ற வேணாம், உங்களுக்கு அந்த மெஷினே வேணாம், வெந்நீர்ப் பை வச்சுக்கலாம்" என்று கூட்டி வந்தது. நான் என்ன சொல்கிறேன் என்றால், போகும்போதே மஞ்சள் கயிற்றில் கோர்த்துக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். கயிறாக இருந்தாலும் தங்கம் தங்கம்தான். வாயைத் திறந்து சொல்லுங்கள், வேறு வழி இருக்கும். சொல்லாமல் துணிக்குள் மறைத்து வைத்துக்கொண்டு படுத்துவிடாதீர்கள்.

அதே மாதிரி கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டியவை இருக்கு. நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்திருந்தால், எலும்பில் கம்பி, பிளேட் வைத்திருந்தால், மாசமாக இருந்தால், கேன்சருக்கு வைத்தியம் பார்த்திருந்தால், முதலில் இதைச் சொல்லிவிடணும். சுகர்காரர்களுக்குக் கால் மரத்துப் போயிருக்கும், சூடு தெரியாது. "பரவால்ல, இன்னும் கொஞ்சம் சூடு வைங்க" என்று வீரம் காட்டினால் கொப்புளம்தான். சூடு இதமாக இருக்கணும், எரியக் கூடாது. எரிந்தால் உடனே கூப்பிடுங்கள்.

கரண்டு வைக்கிறது பற்றி ஒரு வார்த்தை. இரண்டு மூன்று பட்டையைத் தோலில் ஒட்டி வைப்பார்கள், எறும்பு ஊருகிற மாதிரி குறுகுறுவென்று இருக்கும். ஷாக் இல்லை. அல்ட்ராசவுண்டு என்று ஒன்று, கண்ணாடி மாதிரி வழவழப்பான கூழைத் தடவி ஒரு கைப்பிடியைத் தேய்ப்பார்கள். மெழுகு வைத்தியம் என்று உருக்கின மெழுகில் கையை முக்கி எடுப்பார்கள். எங்கள் கூடப் படுத்திருந்தவர்கள் எல்லாம் மெஷின் பெரிசாக இருந்தால் பெரிய வைத்தியம் என்று நினைத்தார்கள். அப்படி இல்லை. மெஷின் வலியைக் கொஞ்சம் தணித்து வைக்கும். வலி தணிந்த அந்த நேரத்தில் செய்கிற உடற்பயிற்சிதான் தோளைத் திறக்கும்.

அந்தப் பயிற்சி ஒன்றும் பெரிய வித்தை இல்லை. குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு ஊஞ்சல் மாதிரி மெதுவாக ஆட்டுவது. சுவரில் விரலால் பூச்சி ஏறுகிற மாதிரி மேலே ஏறுவது. ஒரு குச்சியை இரண்டு கையாலும் பிடித்து, நல்ல கை நோவான கையைத் தள்ளுவது. முதுகுக்குப் பின்னால் துண்டைப் பிடித்து, குளிக்கும்போது முதுகு தேய்க்கிற மாதிரி இழுப்பது. என் வீட்டுச் சுவரில் கரிக்கட்டியால் கோடு போட்டேன். விரல் எட்டின இடத்தில் ஒரு கோடு, பக்கத்தில் தேதி. அந்தக் கோடு இன்னும் இருக்கு, வெள்ளையடிக்கும்போதுகூட அந்த இடத்தை மட்டும் விட்டுவிடச் சொன்னேன்.

வலிக்குமா என்றால், வலிக்கும். எவ்வளவு வலி சரி என்று எனக்குச் சொன்னது இது: செய்யும்போது இழுத்துப் பிடிக்கிற மாதிரி பொறுக்கிற வலி, முடித்துக் கொஞ்ச நேரத்தில் அடங்கினால் சரி. மறுநாள் காலையிலும் முதல்நாளைவிட அதிகமாக வலித்தால் நேற்று அதிகமாகச் செய்துவிட்டோம், குறைக்கணும். முழுக்க நிறுத்தக் கூடாது.

நிறுத்தினேன். அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த வருஷம் மேட்டூர் ஜூன் 12-ல் திறக்கவில்லை, ஆகஸ்ட் 13-ல்தான் திறந்தார்கள். சம்பா நடவு புரட்டாசியில் வந்தது. எனக்கு ஆறு வாரம் போயிருந்தது, கை 110 டிகிரி வந்திருந்தது, ராத்திரித் தூக்கம் வந்திருந்தது. "வலிதான் குறைஞ்சிருச்சே, கூலியை ஏன் விடணும், பஸ்ஸுக்கு ஏன் செலவழிக்கணும்" என்று போவதை நிறுத்தினேன். வீட்டுப் பயிற்சியையும் விட்டேன். தீபாவளிக்குத் திரும்ப அளந்தபோது 80. அந்தத் தங்கச்சி என்னைத் திட்டவில்லை. சீட்டில் 80 என்று எழுதிவிட்டு, "அக்கா, நாள் முழுக்க நடவு நட்டாலும் இந்தத் தோளு மேல போகாது, நடவுல கை கீழயேதான இருக்கு? ராத்திரி பத்து நிமிஷம் சுவரேறுங்க" என்றது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வேலை செய்கிறோமே, அதுவே பயிற்சிதானே என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். வேலை ஒரே பக்கம் ஒரே அசைவைத் தேய்க்கும். பயிற்சி என்பது வேலை தொடாத இடத்தைத் தொடுவது.

அதற்கப்புறம் வாரம் ஒரு தடவை மட்டும் போனேன், மற்றதெல்லாம் வீட்டில். 2020-ல் ஊரடங்கு வந்தது, பஸ் நின்றது. ஆனால் சுவர் நிற்கவில்லை. அந்த வருஷம் ஜூன் 12-ல் மேட்டூர் திறந்த சேதி டி.வி.யில் ஓடிக்கொண்டிருந்தபோது நான் கொண்டை போட்டுக்கொண்டிருந்தேன், என் கையால். என் மகள் பார்த்துவிட்டு அழுதாள். ஒன்றரை வருஷம் ஆனது. இந்த நோய்க்கு ஒன்றிலிருந்து மூன்று வருஷம்கூட ஆகும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். "பத்தே நாளில் குணம்" என்று யாராவது எழுதிப் போட்டிருந்தால் பர்ஸைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

செலவு பற்றிக் கேட்பீர்கள். அரசு ஆஸ்பத்திரியில் எனக்கு ஆனது பஸ் காசும், போன நாள் கூலியும்தான். கூலி போனது சின்ன விஷயம் இல்லை, தெரியும். காலையிலேயே போனால் மதியத்துக்குள் திரும்பிவிடலாம், சீட்டையும் எக்ஸ்ரேயையும் ஒரு பையில் போட்டு மறக்காமல் எடுத்துப் போங்கள். வெளியில் தனியாரிடம் போகிறவர்கள் முதல் நாளே நேராகக் கேளுங்கள்: ஒரு தடவைக்கு எவ்வளவு, எத்தனை தடவை வர வேண்டியிருக்கும், வீட்டில் செய்ய என்ன சொல்லித் தருவீங்க? இருபது நாளுக்கும் மொத்தமாக முன்பணம் கட்டச் சொன்னால், ஐந்து நாள் பார்த்துவிட்டுக் கட்டுறேன் என்று சொல்லுங்கள்.

இந்தத் தொழில் எப்படி வந்தது என்று அந்தத் தங்கச்சியிடம் ஒருநாள் கேட்டேன். 1894-ல் இங்கிலாந்தில் நாலு நர்ஸம்மாக்கள் சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பித்தார்களாம். மசாஜ் என்று சொல்லிக்கொண்டு கண்டவர்களும் தப்பான தொழில் நடத்தினார்கள், அதனால் நல்ல பெண்களின் பெயர் கெட்டது. நாம் முறையாகப் படித்து, பரீட்சை வைத்து, சங்கமாக இருப்போம் என்று ஆரம்பித்தது அது. நாலு பொம்பளைகள் சேர்ந்து சங்கம் என்றதும் எனக்கு நம்ம குழு ஞாபகம்தான் வந்தது. நம்ம தமிழ்நாட்டிலும் ஒருவர் இருந்தார், வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் மேரி வர்கீஸ். 1954-ல் வண்டி விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே தொழுநோயாளிகளின் கைக்கு ஆபரேஷன் செய்தார். பிறகு நியூயார்க்கில் போய்ப் படித்துவிட்டு வந்து, உடம்பு செயலிழந்தவர்களைத் திரும்ப எழுப்புகிற பிரிவை வேலூரில் நடத்தினார். 1966-ல் அதற்கென்றே தனியாக ஒரு நிலையம் திறந்தார்கள். 1972-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். என் தோள் வலியை நினைத்து நான் அழும்போதெல்லாம் அந்த அம்மாவை நினைத்துக்கொள்வேன்.

சரி, என் கதை போதும். இப்போது உங்கள் வீட்டு வாசலுக்கே வருகிற விஷயம்.

2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தைத் தொடங்கினார்கள். 2024-ல் அதற்கு ஐ.நா. சபையின் விருதும் கிடைத்தது. வீடு வீடாகப் பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கிற தன்னார்வலர்கள் நம்ம சுய உதவிக் குழுப் பெண்கள்தான். நானும் அதில் ஒருத்தி. மாத்திரை கொடுப்பது எல்லோருக்கும் தெரியும். அதே திட்டத்தில் படுக்கையில் கிடக்கிறவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்வதும் இருக்கு, வட்டாரத்துக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட் இருக்கிறார் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. தன்னார்வலரிடம் பெயரைச் சொன்னால் போதும். ஆனால் ஒருவரே வட்டாரம் முழுக்கச் சுற்றணும். தினமும் வர முடியாது. அவர் வருகிற அன்றைக்கு வீட்டில் உள்ளவர்கள் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளணும்.

எங்கள் தெருவில் ஒரு பெரியம்மாவுக்குப் பக்கவாதம். இடது பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். வீட்டில் "அசைக்கக் கூடாது" என்று கட்டிலில் போட்டே வைத்துவிட்டார்கள். தூக்கி உட்கார வைக்க மகன் அந்த விழுந்த கையைப் பிடித்துத்தான் இழுப்பார். பாசமாகத்தான் இழுத்தார். ஆனால் விழுந்த கையில் தசை பிடிப்பு இல்லை, இழுத்தால் தோள் மூட்டு நழுவும். பெரியம்மா தொட்டாலே அலறினார்கள். மருமகள் நம்ம குழு உறுப்பினர். எட்டு மாதம் அவள் கூட்டத்துக்கு வரவில்லை, சேமிப்பு மட்டும் பிள்ளையிடம் கொடுத்து அனுப்புவாள்.

பிசியோதெரபிஸ்ட் தம்பி வந்ததும் முதலில் கையை இழுக்காதீங்க என்றுதான் சொன்னார். கைக்கு அடியில் தலையணை வைக்க, இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க, இடுப்பைப் பிடித்து எழுப்ப, கட்டில் ஓரத்தில் உட்கார வைக்க, மருமகளுக்கு ஒவ்வொன்றாகச் செய்ய வைத்துக் காட்டினார். அவள் செய்வதைப் பார்த்து, தப்பைத் திருத்தி, அப்புறம்தான் கிளம்புவார். நாலு மாதத்தில் பெரியம்மா கம்பு ஊன்றி, ஒரு ஆள் துணையோடு கொல்லை வரைக்கும் நடந்தார்கள். கை வரவில்லை. சீக்கிரமே ஆரம்பித்திருந்தால் வந்திருக்குமா என்று அந்த மகன் என்னிடம் கேட்டார். பக்கவாதத்தில் முதல் சில மாதங்களில்தான் அதிகம் திரும்பும் என்று எனக்குத் தெரியும். அவருக்கு என்ன பதில் சொல்வது? "இப்ப நடக்கிறாங்கள்ல தம்பி" என்று மட்டும் சொன்னேன். மருமகள் அடுத்த மாதக் கூட்டத்துக்கு வந்தாள், பதிவேட்டில் அவளே கையெழுத்துப் போட்டாள்.

வாய் கோணினாலோ, ஒரு கை விழுந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, பிசியோதெரபி அப்புறம். முதலில் 108. நாலரை மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரிக்குப் போனால் ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி போட வாய்ப்பு இருக்கு. அதே மாதிரி இடுப்பு வலியோடு கால் பலம் போச்சு, சிறுநீர் மலம் போவதே தெரியவில்லை, உட்காருகிற இடம் மரத்துப் போச்சு என்றால் தைலமும் வேண்டாம், பயிற்சியும் வேண்டாம், அன்றைக்கே டாக்டர். காரணமில்லாமல் உடம்பு இளைத்துக்கொண்டே வலி கூடினாலும், காய்ச்சலோடு முதுகு வலித்தாலும் அப்படித்தான்.

கடைசியாக, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிற ஒரு அக்கா. பெயர் சொல்ல மாட்டேன், அவங்க என்னை முறைக்கிறாங்க. போன மாதம் குழுவில் முட்டிக்கு ஊசி போடணும் என்று 40,000 ரூபாய் உள்கடன் கேட்டார்கள். யாரோ சொல்லித்தான் கேட்டார்கள், எந்த டாக்டரும் எழுதித் தரவில்லை. குழுவில் ஒரே சண்டை. வைத்தியத்துக்குக் கேட்டால் மறுக்கலாமா என்று பாதிப் பேர், திருப்பிக் கட்ட முடியுமா என்று பாதிப் பேர். நான் ஊசி வேண்டாம் என்று சொல்லவில்லை, அதைச் சொல்ல நான் யார்? அதை டாக்டர் சொல்லணும். ஆனால் அந்த அக்கா இதுவரைக்கும் முட்டிக்கு ஒரு நாள்கூடப் பயிற்சி செய்தது இல்லை. முட்டித் தேய்மானத்துக்கு உலகம் முழுக்க முதலில் சொல்கிற வைத்தியம் தொடைத் தசையைப் பலப்படுத்துகிற பயிற்சிதான். காலை நீட்டி, முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து அழுத்திப் பிடிப்பது. ஒரு துண்டு போதும், 40,000 வேண்டாம். அதைக் கூட்டத்திலேயே பாயை விரித்துச் செய்து காட்டினேன்.

தீர்மானப் புத்தகத்தில் இப்படி எழுதினோம்: கடன் கோரிக்கை மறுக்கப்படவில்லை. முதலில் அரசு ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டரையும் பிசியோதெரபியையும் பார்த்துவிட்டு, மூன்று மாதம் கழித்து மறுபடி பேசுவது. பஸ் செலவுக்குக் குழுவிலிருந்து 500 ரூபாய், உடன் செல்ல ஒரு உறுப்பினர்.

அந்த உறுப்பினர் நான்தான். அக்கா, புதன்கிழமை காலை ஆறே கால் பஸ். தளர்ந்த பாவாடை கட்டிக்கொண்டு வாங்க, பழைய எக்ஸ்ரேயை மறக்காதீங்க. வேறு யாராவது வருவதாக இருந்தால் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள், சேர்ந்தே போவோம்.